நீலக்கோட்டுக்குக் கீழே

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் மரகதம். மதுரைக்குத் தெற்கே, சிறுவாலேந்தல் கண்மாயைத் தூர்த்து மனைகளாக்கிய கற்பக நகரில், மூன்றாம் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். ஒன்றைக் கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். அவருக்குப் பிறகு அதே நகரில் பதினோரு பேரைத் தனித்தனியே விசாரித்தேன். அங்குலக் கணக்கில்கூட அவர்களுக்குள் முரண்பாடு இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, காலை ஆறரை மணிக்கு, மரகதத்தின் இஸ்திரிப் பெட்டியில் கனன்றுகொண்டிருந்த கரி அணைந்தது. ஊதினார், பற்றவில்லை; விசிறினார், பற்றவில்லை; சலிப்புடன் பெட்டியை நெஞ்சுயரத்துக்குத் தூக்கியபோது கரி தானாகவே சிவந்தது; வண்டிப் பலகையில் இறக்கியதும் கறுத்தது. மூன்று முறை தூக்கி, மூன்று முறை இறக்கிப் பார்த்த பின்புதான் அவர் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுப் பெண் போட்டுக்கொண்டிருந்த கோலம் தரையில் விழாமல், முழங்கால் உயரத்தில், புள்ளியும் கோடுமாக மிதந்து, மெல்ல நகர்ந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பால்காரரின் நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது, ஒலி வரவில்லை. திண்ணமான ஒரு விரால் மீனின் நிழல், மீனில்லாமல், பள்ளி வேனின் சக்கரங்களுக்கிடையே நுழைந்து வெளியேறியது. யாருடைய துணியும் நனையவில்லை, யாருக்கும் மூச்சு முட்டவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் சுவர்களிலும் வரையப்பட்டிருந்த நீலக்கோட்டுக்குக் கீழே கண்மாய் திரும்பி வந்திருந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

கோட்டை வரைந்தவர் ஜெசிந்தா. திண்டுக்கல்லைச் சேர்ந்தவர், ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர், முப்பத்தைந்து வயது. காணாமற்போன நீர்நிலைகளைத் தேடிச் சென்று, அவை நிறைந்திருந்த காலத்தில் தண்ணீர் எட்டிய மட்டத்தை இன்றைய சுவர்களின்மேல் நீலமும் சுண்ணாம்பும் கலந்து ஒற்றைக் கோடாக வரைவதுதான் அவருடைய கலை. மனு எழுதியவர்கள் மனு எழுதினார்கள், வழக்குப் போட்டவர்கள் வழக்குப் போட்டார்கள், அவர் கோடு போட்டார். அந்தப் புதன்கிழமைக்கு இரண்டு வாரம் முன்பு கற்பக நகர்க் குடியிருப்போர் சங்கத்திடம் முறைப்படி அனுமதி கேட்டு வந்தபோது, சங்கத் தலைவர் பரமானந்தம், அஞ்சல் துறையில் ஓய்வுபெற்றவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம்:

"இது போராட்டமாம்மா?"

"இல்லைங்க ஐயா. படம்."

"ஒரு கோடு எப்படிம்மா படமாகும்?"

"மட்டமா இருந்தா ஆகும்ங்க."

செயலாளர் திலகவதிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. திலகவதி ஒழுங்கை விரும்புகிறவர். எல்லா வீடுகளுக்கும் ஒரே இளமஞ்சள் வண்ணம் என்று விதி செய்தவர். கணவர் மஸ்கட்டில் இருக்க, நாலரை வயது மகள் ஆதிரையுடன் தனியாகக் குடும்பம் நடத்துகிறவர். "போடுங்க. ஆனா எல்லா வீட்டுலயும் போடணும். ஒரு வீட்டுல இருந்து ஒரு வீட்டுல இல்லேன்னா பார்க்க அசிங்கமா இருக்கும்," என்று கையெழுத்திட்டார்.

மட்டம் எடுப்பதற்குரிய கல் மூன்றாம் தெருவில் திலகவதியின் கொல்லையிலேயே நின்றது. கண்மாய் நிறைந்தால் மிகுநீர் வெளியேறும் கலுங்கு ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. அதன் கருங்கற்களில் ஒன்று மட்டும் மூன்றடி உயரத்தில் எஞ்சி நிற்க, திலகவதி அதன் தட்டையான தலைமீது துளசித் தொட்டியை வைத்திருந்தார். ஜெசிந்தா தொட்டியை இறக்கி வைத்து, கல்லின் தலையில் நீலத்தைத் தொட்டு வைத்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைக் கல்லருகே மரகதத்தைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையுடன் வீடு வீடாக நடந்தார். முதல் தெருவில் கோடு முழங்காலளவு ஓடியது. மூன்றாம் தெருவில் சரியாக மூன்றடி. பழைய கரையை ஒட்டிய ஐந்தாம் தெருவில் ஆளின் தோளைத் தொட்டது. கோடு ஏறவில்லை, தரைதான் இறங்குகிறது; தாங்கள் எந்தப் பள்ளத்தில் வாழ்கிறோம் என்று அறியாதிருந்தவர்கள் அன்று அறிந்தார்கள். அறிந்து, நன்றாயிருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். வேலையை முடித்து ஜெசிந்தா வேறோர் ஊருக்குப் போன ஒன்பதாம் நாள்தான் மரகதத்தின் கரி அணைந்தது.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள். மரகதம் வண்டியின் நான்கு கால்களுக்கும் செங்கல் அடுக்கி, தாமும் ஒரு முக்காலியில் ஏறி நின்று தேய்த்தார். ஐந்தாம் தெருவினர் அடுப்பைப் பரண்மேல் ஏற்றினார்கள், இட்லிக்கு ஏணி வைத்தார்கள். வண்டிகள் கோட்டுக்குக் கீழே கிளம்பாததால் காலைதோறும் எல்லாரும் அவற்றைத் தார்ச்சாலை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே உதைத்துக் கிளப்பி, அலுவலகத்தில் தாமதத்துக்கு வேறு காரணம் சொன்னார்கள். பிள்ளையார் கோயில் மணியை இரண்டடி உயர்த்திக் கட்டினார்கள். மாநகராட்சியிலிருந்து வந்த ஒருவர் காற்றில் கையை அளைந்து பார்த்து, "தண்ணி இருக்குன்னா குடிநீர் வரி உண்டு, தண்ணி இல்லேன்னா புகார் கிடையாது, ரெண்டுல எது எழுதட்டும்?" என்று கேட்டுவிட்டு, எதையும் எழுதாமல் போனார். சங்கம் கூடி, மிதக்கும் கோலம் எந்த வீட்டு வாசலில் ஒதுங்குகிறதோ அந்த வீட்டாரே அதைப் பெருக்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

எனினும் பேச்சு ஒன்றுதான் அவர்களை அச்சுறுத்தியது. கோட்டுக்குக் கீழே வாயிருந்தால் குரல் வெளியே வராது. பெரியவர்களுக்கு அது தொல்லையில்லை; குனிந்து வாசல் தெளிக்கும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். குழந்தைகளின் வாய்கள் கோட்டுக்குக் கீழே இருந்தன. கற்பக நகரில் குழந்தைகள் ஓடினார்கள், விழுந்தார்கள், முழங்கால் சிராய்த்து வாய் பிளந்து அழுதார்கள். ஒரு சத்தமும் இல்லை. அடுத்த அறையில் பிள்ளை அழுகிறதா உறங்குகிறதா என்று அறிய முடியாத தாய்மார்கள், பிள்ளையின் இடுப்புக் கயிற்றில் நீளமான நூல்கயிறு ஒன்றை முடிந்து, மறுமுனையைத் தங்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள்; கயிறு இழுபட்டால் ஓடினார்கள், இழுபடாவிட்டால் அதைவிட வேகமாக ஓடினார்கள்.

ஆதிரையின் உதடுகள் கோட்டுக்கு இரண்டே விரற்கடை கீழே இருந்தன. முதல் நாள்களில் அவள் நுனிக்காலில் எம்பி நின்று, பாதிச் சொல்லை வெளியே தள்ளினாள். "அம்மா, த—" என்பாள், குதிகால் இறங்கிவிடும். மீண்டும் எம்பி, "—ண்ணி" என்பாள். திலகவதி சிரித்துக்கொண்டே தூக்கி வைத்துப் பேசச்செய்வார். பன்னிரண்டாம் நாள் ஆதிரை எம்பவில்லை. தூக்கி வைத்தபோதும் பேசவில்லை. முகத்தருகே முகம் வைத்துப் பார்த்த திலகவதி, மகளின் கண்கள் இமைக்காதிருப்பதைக் கண்டார். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தார். பதினேழு நிமிடங்கள் வரை எண்ணி, அதற்குமேல் எண்ணத் துணிவின்றி, தம் விரல்களாலேயே அந்த இமைகளை மூடினார். விரலை எடுத்ததும் அவை திறந்துகொண்டன.

மறுநாள் திலகவதி மரகதத்திடம் புடவைகளைக் கொடுக்க வந்தார்.

"மரகதம், நீதானே அன்னிக்கு அந்தக் குழாயைப் பிடிச்ச?"

"பிடிச்சேன்."

"அந்தப் பொண்ணு ஏதாச்சும் மந்திரம் கிந்திரம் சொன்னாளா?"

"குழாய்ல குமிழி இல்லாம பார்த்துக்கோங்கக்கான்னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல, செகரட்டரியம்மா."

"எல்லாம் அந்தக் கோட்டால வந்தது."

"இருக்கும். கேட்டுப் பாருங்களேன், போன் நம்பர்தான் இருக்கே."

திலகவதி கேட்கவில்லை. ஒழுங்கை விரும்புகிறவர்களுக்குக் கேட்பதைவிடத் துடைப்பது எளிது. கோடு வந்தது, கண்மாய் வந்தது. கோடு போனால் கண்மாய் போகும் என்று சங்கத்தில் அவர் எடுத்துரைத்தபோது, அதிலிருந்த தர்க்கத்தை ஒருவரும் மறுக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரே பகலில், வீட்டுக்கொருவர் வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையும் ஏந்தி, நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் கோட்டின்மேல் இளமஞ்சளைப் பூசினார்கள். திலகவதி ஒருபடி மேலே போனார். நீலம் ஒட்டியிருந்த கலுங்குக்கல்லை இரண்டு ஆட்களை வைத்து உடைத்து, துண்டுகளைக் கார் நிறுத்துமிடத்துப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் கான்கிரீட் போட்டார்.

பத்தொன்பது நாள்களாக மயிரிழையும் அசையாதிருந்த மட்டம், அன்று மாலைக்குள் நான்கு விரற்கடை ஏறியது.

திங்களன்று நான்கு விரற்கடை, செவ்வாயன்று நான்கு விரற்கடை. சுவரில் இப்போது அடையாளமில்லை. எது வரையில் பேசலாம், எது வரையில் விளக்கேற்றலாம் என்பதை அறிய ஒவ்வொருவரும் எரியும் ஊதுபத்தி ஒன்றைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதை மெல்லத் தாழ்த்தி, அணையும் இடத்தில் தங்கள் நெஞ்சு இருக்கிறதா கழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். மரகதம் செங்கல்லின்மேல் செங்கல் அடுக்கி, பின்பு வண்டியையே முதல் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஐந்தாம் தெருவினர் மொட்டைமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெயராமல் கீழேயே தங்கிய ஒரு தம்பதியை வியாழனன்று உறவினர்கள் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்தபோது, அவ்விருவரும் எதற்கும் மறுப்புச் சொல்லாமல், எல்லாரையும் ஒவ்வொருவராக, இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறாம் நாள், திலகவதி தம் வீட்டுக் கூடத்தில் நின்று மகளை அழைத்தார். தம் குரல் தமக்கே கேட்கவில்லை. அன்றுதான் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள்.

கூட்டம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பரமானந்தம் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. ஜெசிந்தா தோளில் பையுடன் வந்தார். பேருந்திலிருந்து இறங்கி, அந்த மௌனத்தின் வழியே, வாய்க்குமேல் கண்மாய் நிற்க நடந்து வந்திருந்ததால், மாடியேறியதும் சிறிது நேரம் சுவரில் சாய்ந்து, தம் குரல் இருக்கிறதா என்று இருமிப் பார்த்துக்கொண்டார். அவருடைய முகத்திலும் அச்சம் இருந்தது. அதைக் கண்டு மற்றவர்கள் இன்னும் அஞ்சினார்கள்.

"ஏழு ஊர்ல போட்டிருக்கேன்," என்றார். "ஒரு ஊர்லயும் இப்படி வரல. ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்க என்ன பண்ணீங்க?"

"அழிச்சோம்," என்றார் திலகவதி.

"கோட்டையா?"

"பின்னே வேற எதை?"

"பத்தொம்பது நாளா அது கோட்டைத் தாண்டுச்சாக்கா?"

திலகவதி இல்லை என்று தலையசைத்தார்.

"இதுவரைக்கும்தான்னு அதுக்குச் சொல்லி வச்சிருந்தது அந்தக் கோடு ஒண்ணுதான். அதைப் போயி..." ஜெசிந்தா கையைப் பிசைந்தார்.

பரமானந்தம் தொண்டையைக் கனைத்தார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. திரும்பப் போட்டுரு. பெயிண்டு சங்கத்துப் பொறுப்பு."

"மட்டம் எடுக்கக் கல்லு வேணும்ங்க ஐயா."

எல்லாரும் திலகவதியைப் பார்த்தார்கள். "உடைச்சுட்டேன்," என்றார் அவர்.

"கண்ணளவுல ஒரு கோடு போட்டா ஆகாதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"போடலாம்ங்க. நான் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னா அது கேட்டுக்கிடும்னு நினைக்கிறீங்களா?"

ஜெசிந்தா பையிலிருந்து பழைய நில வரைபடத்தின் நகலை எடுத்து விரித்தார். கலுங்கின் வாய் பதினெட்டு அடி அகலம். அந்தப் பதினெட்டு அடியும், அதற்கப்பால் மிகுநீர் போகும் பாதையும், ஓர் அடியும் பிசகாமல் திலகவதியின் மனைக்குள் கிடந்தன. மரகதம் எட்டிப் பார்த்தார்.

"கல்லு போனா என்ன, கல்லு நின்ன இடம் இருக்குல்ல? தண்ணிக்குப் போற வழியை விட்டுட்டா அது எதுக்கு நம்ம வாய்க்குள்ள வந்து நிக்கப்போகுது?"

"என் வீட்டை இடிக்கச் சொல்றியா?"

"நான் துணி தேய்க்கிறவ. நான் எங்க சொல்றது. படம் சொல்லுது."

பரமானந்தம் தீர்மானத்தை வாக்குக்கு விட்டார். மற்ற நூற்றுப் பதினொரு வீட்டாரும் தயக்கமின்றிக் கையுயர்த்தினார்கள். கற்பக நகரின் வரலாற்றில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான் என்று மரகதம் சொன்னார்.

"உங்க வீடா இருந்தா இப்படித் தூக்குவீங்களா கையை?" என்று திலகவதி கேட்டார். "இருபது வருஷச் சம்பாத்தியம். அவர் அங்க வெயில்ல கெடந்து..." சொல்லிக்கொண்டே மணிக்கட்டை உயர்த்தியவர் நிறுத்தினார். கயிறு இலகுவாக வந்தது. அதன் மறுமுனையில் முடிச்சு அவிழ்ந்திருந்தது.

ஆதிரை மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தாள். அஞ்சியவளைப்போல இறங்கவில்லை; வீட்டுக்குப் போகிறவளைப்போல, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து, நிதானமாக இறங்கினாள். கால், இடுப்பு, தோள், பின்னல் என்று ஒவ்வொன்றாக அந்த மௌனத்துக்குள் போயின. பின்னல் மட்டும் மேல்நோக்கி மிதந்தது. கீழே தெருவில் நின்று அவள் அண்ணாந்து பார்த்தாள். திலகவதி கையை நீட்டினார். வரமாட்டேன் என்று அவள் தலையசைத்தாள். அந்தக் கண்களில் கோபமில்லை, ஏக்கமில்லை, அம்மா என்னும் அடையாளம்கூட இல்லை என்று அருகில் நின்ற ஜெசிந்தா பின்னர் என்னிடம் சொன்னார்.

திலகவதி இறங்கினார். மகளைத் தூக்கி இடக்கையால் இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தெருவின் வழியே நேராகத் தம் வீட்டுக்குப் போய், தோட்டத்துக் கடப்பாரையை வலக்கையால் எடுத்துக் கொல்லைச் சுவரில் அடித்தார். ஓசை எழவில்லை. மீண்டும் அடித்தார், காரை பெயர்ந்து, விழாமல், புகைபோல நின்றது. மாடிகளில் நின்ற நகரம், ஒற்றைக்கையால் ஒரு பெண் தன் வீட்டை ஒலியின்றி இடிப்பதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பு மரகதம் இறங்கினார், ஜெசிந்தா இறங்கினார், பரமானந்தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், கையுயர்த்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடப்பாரையும் சம்மட்டியும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். அழைத்து வந்த மண்வாரி இயந்திரம் தெருமுனையைத் தாண்டியதும் நின்றுவிட்டதால் எல்லாம் கையாலேயே நடந்தது. யாரும் யாரையும் ஏவ முடியவில்லை, ஏசவும் முடியவில்லை. கொல்லைச் சுவர், சமையலறை, கூடம், கார் நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றாக இடித்து, மாலை நான்கு மணிக்கு, இடிபாட்டை வாரி ஒதுக்கியபின், அடியில் பதினெட்டு அடி அகலத்தில், தேய்ந்து வழவழப்பான கருங்கல் தளம் ஒன்று வெளிப்பட்டது.

முதலில் கோலமாவு போனது. மூன்று வாரத்துக் கோலங்கள் எல்லாம் கலைந்து, வெண்மையாக, அந்தத் தளத்தின்மேல் இழுபட்டுப் போயின. பிறகு ஒற்றைச் செருப்புகள், தேர்வுத் தாள்கள், பள்ளி வேனடியில் திரிந்த மீனின் நிழலும் அதன்பின் ஆயிரம் நிழல்களும். அப்புறம் ஒலி வந்தது. அடைபட்டிருந்த அத்தனை ஒலியும், மட்டம் இறங்க இறங்க, அந்த வாயின் வழியே பீறிட்டது: நாய்கள் குரைத்தன, கதவுகள் அறைந்தன, அன்று முழுவதும் அடித்த ஒவ்வோர் அடியும் இப்போது இடித்தது, அவற்றுக்கு மேலாக, கற்பக நகரின் குழந்தைகள் இருபத்தைந்து நாள்களாக அழுத அழுகை, கேட்பாரில்லாத அழுகை, ஒரே நேரத்தில் வந்தது. தாய்மார்கள் தத்தம் பிள்ளையின் குரலை அதற்குள் அடையாளம் கண்டு, காதைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்தார்கள். கடைசியாக, நூறு முறை, ஒரே பிள்ளையின் குரலில், "அம்மா, த—" என்று கேட்டது. திலகவதி கடப்பாரையைக் கீழே போட்டார்.

இடுப்பிலிருந்த ஆதிரை இமைத்தாள். ஒரு முறை, பின் இரு முறை.

"அம்மா, கையை எடு," என்றாள். "வலிக்குது."

இப்போது முதல் தெருவிலும் மூன்றாம் தெருவிலும் ஒன்றுமில்லை; ஐந்தாம் தெருவில் மட்டும் முழங்காலுக்குக் கீழே ஒரு மௌனம் நிற்கிறது. கலுங்கு திறந்திருக்கும்வரை அது ஏறாது, கோடு வேண்டியதில்லை என்று ஜெசிந்தா உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார். கற்பக நகர் நம்பவில்லை. ஆண்டுதோறும் புரட்டாசியில், குழாயில் குமிழி இல்லாமல் பார்த்து, கருங்கல் தளத்திலிருந்து மட்டம் எடுத்து, அது எட்டும் சுவர்களில் எல்லாம் நீலக்கோட்டைப் புதுப்பிக்கிறார்கள். தரைக்கு மேலே கோடு வராத வீடுகளிலும் வாசற்படியில் ஒரு பொட்டு வைக்கிறார்கள். மழை தூறினால் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லிக் கேட்கிறார்கள்.

திலகவதி முதல் தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். மனையைத் தானமாக எழுதிக்கொடுக்கப் பதிவு அலுவலகம் சென்றபோது, பெறுபவர் பெயர் என்ன என்று கேட்ட எழுத்தரிடம் சிறுவாலேந்தல் கண்மாய் என்றார். அப்படி எழுத விதியில்லை என்றதற்கு, எழுதும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று மூன்று நாள் அங்கிருந்த மரப்பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். அப்படியே எழுதினார்கள். பத்திரத்தை நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன், பிழையில்லை. பழைய ஆவணத்தின்படி கண்மாயின் பரப்பு நாற்பத்தொரு ஏக்கர் இருபது சென்ட். அதில் இன்றுவரை திருப்பிக் கொடுக்கப்பட்டிருப்பது ஐந்தரை சென்ட்.